பத்து நிமிடம், ஆயிரம் யென்: ஜப்பானிய சலூன் ஒன்றில் நான் படித்த வியாபாரம்

கடன் சொல்லிப் போகின்ற வாடிக்கையாளரை நாம் கொப்பியில் எழுதி வைக்கிறோம். ஆனால் நமது கடைக்கு வந்து, காத்திருந்து, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போகின்ற வாடிக்கையாளரை எந்தக் கொப்பியிலும் எழுதுவதில்லை. கடன்காரர் என்றோ ஒரு நாள் திரும்பி வருவார். எழுந்து போனவர் வருவதில்லை. இந்த உண்மையை நான் விளங்கிக்கொண்டது ஒரு வியாபாரக் கருத்தரங்கில் அல்ல, டோக்கியோ நகரில் முடிவெட்டிக்கொள்ளப் போன இடத்தில்தான்.

அதற்கு முன் எங்களூர்க் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2009இல் யுத்தம் முடிந்த பின் பொத்துவிலுக்கும் அறுகம்பைக்கும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பூட்டிக் கிடந்த கடைகள் திறந்தன. என் தங்கையின் மகனும் 2011இல் பிரதான வீதியில் ஒரு சலூன் போட்டான். கொழும்பில் மூன்று வருடம் தொழில் பழகியவன், கை நல்ல கை. இரண்டு கதிரை, பெரிய கண்ணாடி, தொலைக்காட்சி, வருகிறவர்கள் இருக்க நீளமான வாங்கு எல்லாம் போட்டான். நான் இரண்டு இலட்சம் ரூபாய் கைமாற்றுக் கொடுத்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு நாள் இரவு வீட்டுக்கு வந்தான். "மாமா, கதிரைய வித்திட்டு கட்டாருக்குப் போகப் போறன். ஒங்கட காச அங்கிருந்து அனுப்பிருவன்" என்றான். எனக்குத் திகைப்பாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் கடையைக் கடந்து போகும்போதெல்லாம் வாங்கு நிறைய ஆட்களைக் கண்டிருக்கிறேன். கூட்டம் உள்ள கடையில் எப்படி நட்டம் வரும்?

அந்தக் கேள்வியோடுதான் 2012 ஒக்டோபரில் நான் ஜப்பானுக்குப் போனேன்.

ஜும்ஆவுக்கு முன் ஒரு முடிவெட்டு

எனது வியாபாரம் உழவு இயந்திர உதிரிப்பாகங்கள். அம்பாறை மாவட்டத்து வயல்களில் ஓடுகின்ற கையுழவு இயந்திரங்களில் ஜப்பான் சாமானும் உண்டு என்பது வாசகர்களுக்குத் தெரியும். பாவித்த பாகங்களை நேரில் பார்த்து வாங்கலாம் என்று மச்சான் சொன்னதால் அவரோடு போனேன். அங்கே நெடுங்காலமாகப் பாவித்த வாகன வியாபாரம் செய்யும் அக்குறணைச் சகோதரர் ஒருவர் எங்களுக்கு வழித்துணை.

திரும்பி வருவதற்கு முந்திய நாள் வெள்ளிக்கிழமை. யோயோகி உவெஹாரா பகுதியிலுள்ள டோக்கியோ ஜாமி பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுவதென்று ஏற்பாடு. 1938இல் ரஷ்யாவிலிருந்து வந்த தாத்தாரிய முஸ்லிம்கள் முதலில் கட்டிய பள்ளி அது. இன்றுள்ள துருக்கியப் பாணிக் கட்டடம் 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கண்ணாடியில் என் தலையைப் பார்த்தேன். பத்து நாள் அலைச்சலில் முடி காடாக இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு முடிவெட்டிப் பழகிய மனசு கேட்கவில்லை. ஆனால் பள்ளிக்குப் புறப்பட ஒரு மணித்தியாலம்கூட இல்லை.

"காக்கா, பத்து நிமிஷம் போதும். ரயில்வே ஸ்டேஷனுக்குள்ளயே சலூன் இரிக்கி" என்றார் அக்குறணைச் சகோதரர்.

நான் நம்பவில்லை. எங்களூரில் பத்து நிமிடத்தில் துணி போர்த்தித்தான் முடியும்.

கடையின் பெயர் கியூபி ஹவுஸ். குயிக் பார்பர், அதாவது விரைவான முடிவெட்டுக்காரர் என்பதன் சுருக்கம். எங்களூர் வெற்றிலைக் கடையை விடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். வாசலில் வீதிச் சமிக்ஞை விளக்குப் போல ஒரு விளக்கு. பச்சை எரிந்தால் உடனே உட்காரலாம். மஞ்சள் என்றால் சில நிமிடம் காத்திருக்க வேண்டும். சிவப்பு என்றால் கால் மணித்தியாலம் அல்லது அதற்கு மேல். உள்ளே நுழைந்து யாரையும் கேட்கத் தேவையில்லை. தூரத்தில் நின்றே தீர்மானித்துக்கொள்ளலாம். அன்று மஞ்சள் எரிந்தது.

உள்ளே காசாளர் இல்லை, மேசையும் இல்லை. சுவரோரம் ஒரு டிக்கெட் மெஷின். ஆயிரம் யென் தாளைப் போட்டால் டிக்கெட் வரும். விலை சரியாக ஆயிரம், ஆகவே மிச்சக் காசு என்ற பேச்சே இல்லை. அன்றைய கணக்கில் நமது காசுக்கு ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு ரூபாய். எங்களூரில் அப்போது முடிவெட்ட நூற்றைம்பது. நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொண்டது. ஆனால் ஜப்பானில் வழக்கமான சலூனுக்குப் போனால் மூவாயிரம், நாலாயிரம் யென் ஆகும் என்றார் சகோதரர்.

எனது முறை வந்தது. வெட்டுகிறவர் டிக்கெட்டை வாங்கிக்கொண்டார். கண்ணாடி கதவாகத் திறந்தது. உள்ளே சட்டையும் பையும் வைக்க இடம். கழுத்தைச் சுற்றி மெல்லிய காகிதப் பட்டி ஒன்று கட்டினார். எப்படி வெட்டுவது என்று கேட்டார், சகோதரர் ஜப்பான் மொழியில் சொன்னார். அதன்பின் வெட்டி முடியும்வரை அவர் வேறு எதுவும் பேசவில்லை, வேறு எங்கும் பார்க்கவும் இல்லை.

தலை கழுவத் தண்ணீர்த் தொட்டி இல்லை, முகச்சவரமும் இல்லை. வெட்டி முடிந்ததும் மேலிருந்து ஒரு குழாயை இழுத்தார். வீடு துப்புரவு செய்யும் இயந்திரத்தைப் போல அது தலையிலும் கழுத்திலும் ஒட்டிய முடியை உறிஞ்சி எடுத்துவிட்டது. எனக்குப் பாவித்த சீப்பை என்னிடமே தந்தார். குனிந்து நன்றி சொன்னார். கடிகாரத்தைப் பார்த்தேன். உட்கார்ந்து பதினொரு நிமிடம். ஜும்ஆவுக்கு முதல் பாங்குக்கு முன்பே பள்ளியில் இருந்தோம்.

கதிரைக்குள் இருக்கும் கணக்கு

அன்றிரவு அக்குறணைச் சகோதரர் அந்தக் கடையின் வரலாற்றைச் சொன்னார். பிறகு நானும் தேடி வாசித்தேன்.

ஜப்பானியர் முடிவெட்டுவதை இலேசான காரியமாக எடுப்பவர்கள் அல்லர். 1871இல்தான் அந்நாட்டு அரசாங்கம் ஆண்கள் குடுமியை வெட்டிக்கொள்ள அனுமதித்தது. 1873இல் மெய்ஜி பேரரசரே முடியை வெட்டிக்கொண்டார். அதன்பின் மேல்நாட்டுப் பாணிச் சலூன்கள் பெருகின. 1947இல் முடிவெட்டும் தொழிலுக்கென்று தனிச்சட்டம் வந்தது. இன்று அங்கே உரிமம் இல்லாமல் யாரும் இத்தொழிலைச் செய்ய முடியாது. முழுநேரமாக இரண்டு வருடம் படித்து, தேசியப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும்.

வழக்கமான ஜப்பானிய சலூனில் சுடுதுவாய், முகச்சவரம், தலை கழுவுதல், தோள் பிடித்துவிடுதல் எல்லாம் உண்டு. ஒரு மணித்தியாலம் போகும். ஆறுதலாக இருக்க வந்தவருக்கு அது சொர்க்கம். ஆனால் அவசரமாக வந்தவர்? குனியோஷி கொனிஷி என்பவருக்கு அந்தக் கேள்வி எழுந்தது. இந்த ஒரு மணித்தியாலத்தில் உண்மையில் முடிவெட்டுவதற்குப் போவது எவ்வளவு? பத்து நிமிடம்தான் என்று கண்டார். அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் விற்பதென்று 1995இல் கம்பனி தொடங்கி, 1996இல் டோக்கியோவின் கண்டா பகுதியில் முதல் கடையைத் திறந்தார்.

இப்போது வியாபாரிகளாகிய நாம் கணக்குப் பார்ப்போம். பழைய சலூனில் ஒரு கதிரை ஒரு மணித்தியாலத்தில் ஒருவருக்கு வேலை செய்து நாலாயிரம் யென் பெறும். கியூபி ஹவுஸ் கதிரையில் ஐந்து பேர் உட்கார்ந்தாலே ஐயாயிரம். விலை நாலில் ஒன்று, ஆனால் கதிரையின் வருமானம் கூடுதல். தண்ணீர்த் தொட்டி இல்லாததால் இடம் சிறிது, இடம் சிறிதாக இருப்பதால் ஆட்கள் நடமாடும் ரயில் நிலையத்துக்குள்ளேயே கடை போடலாம். காசு மெஷினில் விழுவதால் வெட்டுகிறவரின் கை கத்தரிக்கோலை விட்டு நகர வேண்டியதில்லை.

விலை குறைந்ததால் அங்கே தரமும் குறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அவர்கள் குறைத்தது வாடிக்கையாளர் கேட்காத வேலைகளை மட்டுமே.

எதிர்ப்பு வராமலும் இல்லை. பழைய சலூன்காரர்களின் சங்கங்கள் சுகாதாரத்தைக் காட்டி, முடிவெட்டும் கடையில் தலை கழுவும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும் என்று கோரின. ஜப்பானின் பல மாகாணங்களில் அப்படியே விதியும் வந்தது. அங்கெல்லாம் தொட்டி வைத்துக்கொண்டு கடை தொடர்ந்து நடந்தது. 2002இல் சிங்கப்பூருக்கும், 2005இல் ஹொங்கொங்குக்கும் போனார்கள். 2018இல் கம்பனி டோக்கியோ பங்குச் சந்தையில் சேர்ந்தது. ஜப்பானில் மட்டும் 500க்கும் மேற்பட்ட கடைகள்.

விலையும் ஆயிரத்திலேயே நிற்கவில்லை. 2019இல் 1,200 யென், 2023இல் 1,350 யென் என்று ஏறியது. வெட்டுவதற்கு ஆள் கிடைப்பது அங்கும் கஷ்டம். ஆளைப் பிடித்து வைக்கச் சம்பளத்தைக் கூட்ட வேண்டும். உரிமம் இருந்தும் கைப்பழக்கம் போதாதவர்களுக்கு 2012 முதல் சம்பளம் கொடுத்துத் தாங்களே பயிற்சியும் அளிக்கிறார்கள். மலிவு விலைக்கடை என்பதற்காகத் தொழிலாளியை மலிவாக நடத்தினால் கடை நிலைக்காது என்பது இதிலுள்ள இன்னொரு பாடம்.

பொத்துவிலில் பரீட்சித்தபோது

ஊருக்கு வந்து மருமகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தான். "மாமா, பத்து நிமிஷத்துல வெட்டினா அரைகுறையா வெட்டிட்டான் எண்டுதான் நம்மட ஆக்கள் செல்லுவாங்க" என்றான்.

இருந்தாலும் கட்டாருக்குப் போவதை மூன்று மாதம் தள்ளிப் போடச் சம்மதித்தான். முதல் வேலையாக, ஒரு வெள்ளிக்கிழமை நானே அந்த வாங்கில் கொப்பியோடு உட்கார்ந்தேன். காலை ஏழரையிலிருந்து பதினொன்றரை வரை, இரண்டு கதிரையிலும் சேர்த்து முடிவெட்டியவர்கள் பதினைந்து பேர். வந்து பார்த்து, அல்லது இருந்து பார்த்து எழுந்து போனவர்கள் பன்னிரண்டு பேர். ஆளுக்கு நூற்றைம்பது என்றால் ஒரே காலையில் ஆயிரத்து எண்ணூறு ரூபாய். மாதம் நாலு வெள்ளிக்கிழமைக்கு ஏழாயிரத்துக்கு மேல். அவன் கடை வாடகையே அப்போது ஐயாயிரம்தான். கூட்டமுள்ள கடையில் நட்டம் வந்த வழி அதுதான்.

நேரம் எங்கே போனது என்றும் எழுதினேன். ஒருவருக்குச் சராசரி அரை மணித்தியாலம். அதில் கைத்தொலைபேசிக்கு ஐந்து நிமிடம். மிச்சக் காசு மாற்றப் பக்கத்துக் கடைக்கு ஓடுவதில் மூன்று நிமிடம். கேட்காமலே தலை பிடித்துவிடுவதில் ஐந்து நிமிடம். தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்ப்பதை எழுத மனம் வரவில்லை.

ஜப்பான் முறையை அப்படியே கொண்டுவரப் பார்த்து முதலில் தோற்றோம். எல்லோருக்கும் பத்து நிமிடம் என்று தொடங்கிய மூன்றாவது வாரம், ஊர்ப் பெரியவர் ஒருவர் கதிரையை விட்டு எழுந்து, "என்ன மகன், ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிற மாதிரிக் கத்தரிக்கிறாய்" என்று கோபித்துக்கொண்டு போனார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கிழமை நாட்களில் அவர் சலூனுக்கு வருவது முடிவெட்ட மட்டும் அல்ல. பத்திரிகை வாசிக்க, நெல் விலை விசாரிக்க, நாலு வார்த்தை பேச. அவருக்கு நேரம் சுமையல்ல. அவரிடம் பத்து நிமிடத்தை விற்கப் போனது எங்கள் பிழை.

ஆகவே முறையை மாற்றினோம். வெள்ளிக்கிழமை காலையிலும் பெருநாளைக்கு முந்திய இரவிலும் முடிவெட்டுதல் மட்டும். சாயம் பூசுதல், முகம் மினுக்குதல் எல்லாம் மற்ற நாட்களில். வந்தவர் கையில் இலக்கம் எழுதிய மட்டைத் துண்டு. "ஒங்களுக்கு முன்னால அஞ்சு பேர், பள்ளிப் பக்கம் போயிட்டு முக்கால் மணிக்குப் பிறகு வாங்க" என்று சொல்லிவிடுவான். விலைப்பலகை தமிழிலும், வெள்ளைக்காரருக்காக ஆங்கிலத்திலும். அறுகம்பைக்கு அலைச்சறுக்க வரும் வெளிநாட்டவர் விலை எழுதாத கடைக்குள் நுழையத் தயங்குவது அதன் பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. ஒவ்வொருவருக்கும் பிளேட்டை அவர் கண் முன்னே உறை பிரித்துப் போடுவது. வெட்டும்போது தொலைபேசியை லாச்சிக்குள் வைப்பது. ஐம்பது ரூபாய் தாள் ஒரு கட்டு முதல் நாளே வங்கியில் மாற்றி வைப்பது.

இதில் எதற்கும் பெரிய செலவில்லை. இரண்டு மாதத்தில் வெள்ளிக்கிழமைக் கணக்கு இருபத்தைந்து, இருபத்தாறு பேருக்கு வந்தது. கட்டார் பேச்சு நின்றது. எனது கைமாற்றை 2015இல் தீர்த்தான். 2022இல் நாடே எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றபோதும், மின்வெட்டில் கை மெஷினையும் கத்தரிக்கோலையும் வைத்து வேலை செய்துகொண்டு, "மாமா, நாம டோக்கன் குடுக்கத் தொடங்கிப் பத்து வருஷம்" என்று சிரித்தான்.

எழுதக் கூச்சமான ஒன்று

இதை எழுதாமல் விட்டால் கட்டுரை அரைகுறையாகிவிடும். அவன் கட்டாருக்குப் போக நினைத்ததற்கு நட்டம் மட்டும் காரணமல்ல. சலூன்காரன் என்பதால் அவனுக்குப் பேசிய சம்பந்தம் ஒன்று முறிந்திருந்தது. எனது சிறுவயதில் ஒஸ்தா மாமா வீட்டு முற்றத்துக்கு வந்து பலகையில் உட்கார்த்தி எங்களுக்கு முடிவெட்டுவார். அறுவடைக்கு நெல் வாங்கிப் போவார். அவர் கைக்குள் எல்லோரும் தலையைக் கொடுத்தோம். ஆனால் விருந்துச் சபையில் அவருக்கு முன்வரிசை கொடுத்ததை நான் கண்டதில்லை.

நானும் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவன்தான். என் தங்கை ஒரு முறை என் மகளைப் பற்றி வாயெடுத்தபோது நான் பேச்சை மாற்றினேன். காரணம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. டோக்கியோவில் இரண்டு வருடம் படித்து, பரீட்சை எழுதி, உரிமம் பெற்ற ஒருவர் என் தலையை வெட்டிவிட்டுக் குனிந்து நன்றி சொன்னபோது எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வந்தது.

2014இல் அவன் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுத்தான். நமது நாட்டிலும் முடி அலங்காரத் தொழிலுக்கு அந்தச் சான்றிதழ் உண்டு. பல வருடம் தொழில் செய்த அனுபவத்தை நிரூபித்தும் அதைப் பெறலாம் என்பது பலருக்குத் தெரியாது. அதைச் சட்டம் போட்டுக் கண்ணாடிக்கு மேல் மாட்டியிருக்கிறான். அவனுக்கு வேறு ஊரில் திருமணமாகி இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். என்மீது ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவன் கதிரையில் உட்காரும்போது எனக்குத்தான் கண்ணாடியைப் பார்க்கக் கஷ்டம். தொழிலை மதியாத ஊரில் நல்ல தொழிலாளி தங்க மாட்டான் என்பதை நான் மிகக் கிட்ட இருந்து கண்டிருக்கிறேன்.

வியாபாரச் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கடை புடைவைக் கடையாக இருக்கலாம், பாமசியாக இருக்கலாம், தையல் கடையாகவும் இருக்கலாம். வாடிக்கையாளர் இரண்டு வகையான விலை கொடுக்கிறார். ஒன்று காசு, மற்றது நேரம். காசை மட்டும்தான் நாம் எண்ணுகிறோம். வருகின்ற வெள்ளிக்கிழமை காலையில் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு உங்கள் கடை வாசலிலேயே ஒரு மணித்தியாலம் உட்காருங்கள். உள்ளே வந்து, காத்திருந்து, ஒன்றும் வாங்காமல் போனவர்களை மட்டும் ஒரு கோடு ஒரு கோடாகப் போடுங்கள். கடைசியில் அந்தக் கோடுகளை உங்கள் சாமான் விலையால் பெருக்கிப் பாருங்கள். இத்தனை நாளாக எழுதாமல் விட்ட கடன் கணக்கு அதுதான்.